தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரியாத தாயின் குழந்தைக்கும் ஊசி தவறாமல் இருக்க

குழந்தைத் தடுப்பூசி அரசு இடங்களில் முழுக்க இலவசம். தாயின் படிப்பை யாரும் கேட்பதில்லை. இருந்தும், தாய் பள்ளியில் படித்த ஆண்டுகள் கூடக் கூட, எல்லா ஊசியும் போட்ட குழந்தைகளின் விகிதமும் கூடுவதை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 2015-16இல் 69.7 சதவீதம், 2019-21இல் 89.2 சதவீதம். அப்போதும் பத்தில் ஒரு குழந்தை விடுபட்டது.

பிறந்ததும் போடும் பிசிஜி (காசநோய்க்கு), ஹெபடைட்டிஸ் பி (கல்லீரல் தொற்றுக்கு), போலியோ சொட்டு மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அடுத்தவற்றுக்குத் தேதி பார்த்து வர வேண்டியவர் தாய்: 6, 10, 14 வாரம் (ஊரில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி என்பார்கள்), பிறகு 9 மாதம், 16 முதல் 24 மாதம். மூன்றரை மாத ஊசிக்கும் 9 மாத ஊசிக்கும் நடுவே ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி. அட்டையில் எழுதிய தேதியைப் படிக்க முடியாதவருக்கு நழுவ எளிதான இடம் இதுதான்.

இன்னொரு இடம் காய்ச்சல். பெண்டா ஊசி (ஐந்து நோய்களைத் தடுக்க 6, 10, 14 வாரத்தில் போடுவது) போட்ட இரவு குழந்தை சுட்டு, அழுதால், "இனி ஊசியே வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது ஓரிரு நாளில் அடங்கும் என்று முன்பே தெரிந்த தாய் பதில் சொல்வார். தெரியாதவர் வாயடைத்துப் போவார். இது அறிவுக் குறையே அல்ல, அவருக்கு யாரும் சொல்லாத குறை.

சொல்ல வேண்டியது செவிலியரின் கடமை. ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகள்: எந்த ஊசி, எந்த நோய்க்கு; அடுத்து எப்போது வர வேண்டும்; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அட்டையைப் பத்திரமாக வைத்து, மறுமுறை கொண்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எவ்வளவு என்பது எடையைப் பொறுத்தது. மருந்துக்கடையில் கேட்காமல் செவிலியரிடமே அளவு கேளுங்கள்.

அட்டை படிக்க வராதவர்கள் இடத்தை வைத்தும் நினைவு கொள்ளலாம். இடது தோளில் தழும்பு விட்டது பிசிஜி. இடது தொடையில் போட்டது பெண்டா. வலது தோளில் 9 மாதத்தில் போடுவது தட்டம்மை-ரூபெல்லா. அடுத்த தேதியைப் புதன்கிழமைக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள், "இன்னும் நாலு புதன்" என்பதுபோல. கிராமங்களில் ஊசி நாள் பெரும்பாலும் புதன்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் ரூ.18,000) பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் தடுப்பூசியோடு கட்டப்பட்டவை. ஊசி விடுபட்டால் பணமும் தடைபடும்.

தேதி தாண்டிவிட்டதா? திட்டு விழுமோ என்று வராமல் இருந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் இருந்தால் போதும். தட்டம்மை-ரூபெல்லாவை 5 வயது வரை போடலாம். பெண்டாவின் முதல் தவணை மட்டும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். சளி, லேசான காய்ச்சலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள்: கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு இருக்கும்.