பின்னால் யார் உட்காருவார்கள்?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பக்கத்து ஊரான பா-ஆன் போய்விட்டுத் திரும்பிய ஒரு தம்பி என் பட்டறை வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முழுக்க நனைந்து. "அண்ணே, பின்னாடி மீன் மாதிரி வால ஆட்டுது, சாஸி வளைஞ்சிருச்சான்னு பாருங்க" என்றார். சாஸிக்கு ஒன்றுமில்லை. ஸ்விங் ஆர்ம் புஷ், பேரிங், ஸ்போக் எல்லாம் தொட்டுப் பார்த்தேன், எல்லாமே நல்லாத்தான் இருந்தது. அப்புறம் பின் சக்கர வால்வில் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்தால் 17 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காட்டியது.

"கிளம்புறப்ப விரலால அழுத்திப் பார்த்தேனே அண்ணே, கல்லு மாதிரி இருந்துச்சு."

கடைசியாகக் காற்று அடித்தது திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகைக்கு முன்னால். அதாவது ஏப்ரல். அன்று ஜூலை பாதி தாண்டியிருந்தது.

பர்மாவில், மோல்மேனில் இருபது வருஷத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கட்டைவிரல் வைத்தியத்தைத் தமிழர், பர்மியர், மோன்காரர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் செய்கிறார்கள். கார் டயர் மாதிரி அகலமானது இல்லை நம் வண்டி டயர். ஒடுங்கலானது, பக்கச்சுவர் விறைப்பானது, உள்ளே பாதிக் காற்று இருந்தாலும் கல்லு மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் வேலை இல்லாத மதியம் இரண்டு சக்கரத்தில் ஒன்றுக்கு 20, இன்னொன்றுக்கு 32 அடித்து, கடைப் பையன்களிடம் எது எது என்று கேட்டேன். தப்பாகச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நானும் அழுத்திப் பார்த்தேன், நானும் தப்பாகத்தான் சொன்னேன்.

சரி, எத்தனை பவுண்டுதான் அடிப்பது? இதை என்னிடம் தினமும் கேட்கிறார்கள். பதிலுக்கு நான், "பின்னால் யார் உட்காருவாங்க?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனால் அது தெரியாமல் எண் சொல்ல முடியாது.

முதலில் எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சங்கிலி மூடியிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தனி ஆளுக்கு ஒரு வரி, இரண்டு பேருக்கு ஒரு வரி, ஒவ்வொன்றிலும் முன், பின் என்று எண்கள். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி தாய்லாந்து வழியாக வந்தது, மீதி கென்போ மாதிரிச் சீன வண்டி. ஸ்டிக்கரில் என்ன மொழி இருந்தாலும் எண்ணைப் படிக்கத் தடையில்லை, அளவுதான் குழப்பும். 200 கிலோபாஸ்கல் என்று இருந்தால் அது 29 பவுண்டு. 225 என்றால் ஏறத்தாழ 33. 2.00 கேஜிஎஃப் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) என்று போட்டிருந்தால் இருபத்தெட்டரைக்குக் கிட்டத்தட்ட. நம் தெருக்களில் ஓடும் 110, 125 சிசி வண்டிகளில் தனி ஆளுக்கு முன் 29, பின் 33 என்பது அடிக்கடி கண்ணில் படும் எண்ணிக்கை. இரண்டு பேர் என்றால் முன்பக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பின்பக்கம் மட்டும் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அதை நான் வாயால் சொல்லமாட்டேன், ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அடிப்பேன்.

டயரின் பக்கத்திலும் ஒரு எண் அச்சடித்திருக்கும். அதை அப்படியே அடித்துக்கொண்டு வந்து நிற்பவர்கள் நிறைய. அது அந்த டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்கும்போது, குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய உச்சக் காற்று. தினசரி அளவு இல்லை அது. டயரைச் செய்தவனுக்கு அது எந்த வண்டியில் மாட்டப்போகிறது என்றே தெரியாதே, அவன் எப்படி உங்கள் வண்டிக்கு அளவு சொல்வான்?

இப்போது பின்னால் உட்காரும் ஆள் விஷயத்துக்கு வருகிறேன், மூல காரணமே அங்குதான் இருக்கிறது. வண்டி நூறு கிலோ என்று வையுங்கள், அதில் பின் சக்கரத்தில் நிற்பது சுமார் 55. ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் அதில் 42 கிலோ மாதிரி பின்னால் விழும். ஆக 97. பின்னால் உட்காருகிறவரின் எடை ஏறக்குறைய முழுதும் பின் சக்கரத்துக்குத்தான் போகும். அந்தத் தம்பியின் கணக்கில் மனைவி 50, பிள்ளை 15, மொத்தம் 162 கிலோ. ஒரே சக்கரம், ஒரே அளவு காற்று, பாரம் மட்டும் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது.

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பர் கொஞ்சம்தான் தாங்கும், மீதி எல்லாம் உள்ளே இருக்கும் காற்று. 33 பவுண்டில் 97 கிலோவைத் தாங்க, டயர் ரோட்டில் சுமார் 42 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பதிந்தால் போதும், இரண்டரைத் தீப்பெட்டிப் பரப்பு. அதே காற்றில் மூன்று பேர் ஏறினால் நாலு தீப்பெட்டி. 17 பவுண்டில் மூன்று பேர் ஏறினால் எட்டுத் தீப்பெட்டிக்குப் பக்கம் வந்துவிடும். அவ்வளவு இடத்தை ஒடுங்கின டயர் எங்கிருந்து கொடுக்கும்? அப்படியே நசுங்கிப் படுக்கும், பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், வளைவில் வண்டி ஒரு பக்கம் போக டயர் இன்னொரு பக்கம் இழுக்கும். அந்தத் தம்பி மீன் வால் என்றாரே, அது இதுதான்.

மடங்கி நிமிரும் வேலையில் சூடு பிறக்கும். சூட்டில் பழைய பஞ்சர் ஒட்டு கழன்று வரும். பள்ளத்தில் விழுந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அந்த இரட்டை ஓட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், வாடிக்கையாளர் ஆணி என்று சத்தியம் செய்துகொண்டிருப்பார். இன்னொன்றும் உண்டு. காற்றுக் குறைந்த டயர், பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் மெல்ல வழுக்கி நகரும், ட்யூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வுத் தண்டு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதுதான் அறிகுறி. இன்று சாய்ந்திருக்கும், ஒரு நாள் அடியோடு கிழியும், கிழிந்தால் காற்று முழுதும் ஒரே மூச்சில் போய்விடும். தயவுசெய்து இப்போதே எழுந்துபோய் உங்கள் வால்வைப் பாருங்கள், கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.

அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரில் 80/90-17 50P என்று இருந்தால், அந்த 50 என்பது 190 கிலோ பாரத்துக்கான குறி. சிறிய டயரில் 38 என்று இருந்தால் வெறும் 132 கிலோ. நம் ஊர் மூட்டை ஒன்று கிட்டத்தட்ட 30 பர்மா வீசை, 49 கிலோ. மேலே போட்ட 97 கிலோவோடு பெரிய ஆள் ஒருவரையும் ஒரு மூட்டையையும் சேர்த்தால் 200ஐத் தாண்டிவிடும். அங்கே எத்தனை பவுண்டு அடித்தாலும் பயனில்லை, அந்த டயருக்கு அது மீறின பாரம். மூட்டைக்கு இன்னொரு நடை போங்கள், அல்லது சைட்கார் வண்டிக்காரரிடம் கொடுங்கள்.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, இந்த ஊரில் அது வேதவாக்கு. ஆண்டுக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது, அதனால் இதை ஊன்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பிளந்து வெளியே தள்ளுவது டயரின் வரிப்பள்ளங்கள். காற்றுக் குறைந்தால் அந்தப் பள்ளங்கள் அழுந்தி மூடிக்கொள்ளும், டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். சேற்று வயலில் ஓட்டுகிறவன் குறைப்பது வேறு கதை, அவன் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறான்.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு, அதை நானே செய்திருக்கிறேன். சில வருஷம் முன்பு என் கம்ப்ரஸரின் கேஜ் கெட்டுப்போனது தெரியாமல் மாதக்கணக்கில் எல்லாருக்கும் ஆறு பவுண்டு கூட அடித்து அனுப்பியிருக்கிறேன். 33 என்று நினைத்து 39. என் மச்சான் வண்டியில் டயர் நடுவில் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்து, ஸ்போக்குகள் தளர்ந்து, ரோட்டில் பந்து மாதிரி குதிக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்தபோதுதான் பென்சில் கேஜை வைத்துச் சோதித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை இரண்டு கேஜை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், தெரு முனையில் 'லே தோ' (காற்று அடிக்கும் இடம்) பலகை தொங்கும் எந்தக் கடையில் அடித்தாலும், என் கடையிலேயே அடித்தாலும், உங்கள் பையில் ஒரு பென்சில் கேஜ் இருக்கட்டும். ஒரு தடவை பஞ்சர் ஒட்டும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய காசில்லை.

குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். குளிர்ந்தது என்றால் மூன்று மணி நேரமாவது வெயில் படாமல் நின்றது. ஓடி வந்த டயரில் மூன்று நாலு பவுண்டு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டால் ராத்திரி குளிர்ந்ததும் அளவு கீழே போய்விடும். பத்து டிகிரி சூடு மாறினால் சுமார் ஒன்றரைப் பவுண்டு மாறும் என்று நினைவில் வையுங்கள்.

மாண்டலேயில் இருக்கும் என் மருமகன் ஒரு தரம் போன் பண்ணி, மலைமேல் இருக்கும் மேமியோ ஏறினதும் காற்றுத் தானாகக் கூடிவிட்டது, டயரில் ஏதும் கோளாறா மாமா என்று கேட்டான். கோளாறு இல்லை. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரைப் பவுண்டுக்குச் சற்று மேல் குறையும், கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். மேமியோக் குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டுவிடு என்றேன். யாங்கோன் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, 2003இல் அங்கே ஊருக்குள் மோட்டார் சைக்கிளைத் தடை செய்ததிலிருந்து அவர்கள் கார் டயர் கணக்கையே நமக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், "எல்லாத்துக்கும் முப்பது அடி" என்று. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றில் ஏற்கெனவே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், அந்தக் காசில் நல்ல வால்வு மூடி இரண்டு வாங்குங்கள்.

அந்தத் தம்பிக்கு ட்யூபைக் கழற்றிப் பார்த்தேன், ஓட்டை எதுவும் இல்லை. வால்வு ஊசியில் எச்சில் தொட்டு வைத்ததும் மெல்லக் குமிழி விட்டது. ஊசியை மாற்றி, அவர் வண்டி ஸ்டிக்கரில் இரண்டு பேருக்குப் போட்டிருந்த அளவை அடித்தேன். ஸ்டிக்கர் பாதி அழிந்திருந்ததால் சங்கிலி மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தேன்: ஒருத்தர், வீட்டோடு. தனியாக வேலைக்குப் போகும்போது மாற்ற வேண்டுமா என்றார். வாரம் முழுக்கத் தனியாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் முதல் வரி, பின்னால் ஆள் ஏறும் நாள் காலையில் கால் பம்ப்பால் நாலு மிதி கூட மிதித்து கேஜை வைத்துப் பாருங்கள் என்றேன்.

என் கடைக்கு வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வாருங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. கரண்ட் இல்லாவிட்டாலும் கால் பம்ப் இருக்கிறது.