ஒரு மில்லிநொடி மானிட்டர் ஏன் கலங்குகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “புது மானிட்டர் வாங்கினேன். பெட்டியின் மேல் ‘1 மில்லிநொடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 75 ஹெர்ட்ஸ். ஆனாலும் கேமில் வேகமாகத் திரும்பினால் எல்லாம் கலங்கித் தெரிகிறது. நீளமான கட்டுரையை உருட்டிக்கொண்டே படிக்கவும் முடியவில்லை. கோளாறு மானிட்டரிலா, என் கண்ணிலா?”

இரண்டிலும் கோளாறு இல்லை. ஆனால் கேள்வியில் ‘கண்’ என்ற சொல் வந்ததைப் பார்த்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. அவர் பார்க்கும் கலங்கலில் பெரும்பகுதி உண்டாகிற இடம் அதுதான்.

முதலில் அந்த 1 மில்லிநொடியை முடித்துவிடுவோம். எல்சிடி திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. அதன் முன்னால் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு தளவிளைவாக்கித் தகடுகள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள்), அவற்றுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் தடிமனில் திரவப் படிகம். மின்னழுத்தம் மாறினால் படிகத்தின் நீள மூலக்கூறுகள் திரும்பும். அதற்கேற்ப வெளிவரும் ஒளி கூடும், குறையும். மூலக்கூறுகளை மின்புலம் வேகமாகத் தள்ளிவிடும். மின்புலம் போனபின் அவை பழைய நிலைக்குத் தாமாகவேதான் திரும்பியாக வேண்டும். அதற்கு ஆகும் நேரம் திரவத்தின் பாகுத்தன்மையையும், படலத்தின் தடிமனின் வர்க்கத்தையும் பொறுத்தது. குளிரில் திரவம் கெட்டிப்படுவதால் திரையும் மந்தமாகும். இப்படி ஒரு பிக்சல் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் பெரும்பாலும் பெட்டியில் அச்சிடுகிறார்கள், அதுவும் இருப்பதிலேயே சாதகமான அமைப்பில் அளந்து. பிக்சலைக் கூடுதல் மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பைக் கடைசி அளவுக்கு ஏற்றினால் அந்த எண் கிடைத்துவிடும். கூடவே நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டமும் வந்து சேரும். நடு அளவில் வைத்துக்கொள்வதே நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1888இல் ஃப்ரீட்ரிக் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டில் உள்ள கொலஸ்ட்ராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்மமாகவும், 178.5 டிகிரியில் தெளிந்த நீர்மமாகவும் ஆனது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள்! திரவப் படிகம் கண்டறியப்பட்டது அப்படித்தான். அது காட்சித் திரையாக மாற ஏறக்குறைய 80 ஆண்டுகள் பிடித்தன. 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிலையத்தில் இயற்பியலாளர் எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும், நாணயம் போன்ற தட்டையான மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். பின்னாளில் அத்தகைய மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலம்தான், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கெட்டுப்போகும் டிஎன் வகைத் திரைகளின் பார்வைக் கோணத்தை அகலமாக்கியது. கேரட்டையும் நாணய மூலக்கூறுகளையும் ஆராய்ந்த காலத்தில் “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால்? உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று அடிப்படை ஆய்வுகளிடம் கேட்பது பெரும் தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சரி, கண்ணுக்கு வருவோம்.

வெற்றுச் சுவரைப் பார்த்தபடி, பார்வையை இடமிருந்து வலமாகச் சீராக நகர்த்திப் பாருங்கள். முடியாது. கண் தத்தித் தத்தித்தான் போகும். இப்போது ஒரு விரலை நீட்டி மெல்ல நகர்த்தி, விரலையே பாருங்கள். எண்ணெயில் வழுக்கியதுபோல் கண் கூடவே போகும். நகரும் பொருள் ஒன்று கிடைத்தால் மட்டுமே கண்ணுக்கு இந்த வித்தை வரும். அப்படிப் பின்தொடர்வதால்தான் பொருளின் பிம்பம் விழித்திரையில் ஒரே இடத்தில் நிற்கிறது, ஓடும் பொருளும் தெளிவாகத் தெரிகிறது.

திரையில் ஒரு சொல் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலமுள்ள திரையை அது 2 நொடியில் கடக்கும். 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை, என்ன செய்கிறது? சொல்லை ஓரிடத்தில் வைக்கிறது, 16.7 மில்லிநொடி அசையாமல் வைத்திருக்கிறது. பிறகு 16 பிக்சல் தள்ளி வைக்கிறது. திரையில் நகர்வு என்பதே கிடையாது, நிற்பதும் தாவுவதும்தான். ஆனால் கண்ணுக்கு அது தெரியாது. விரலைத் தொடர்ந்தது போலவே சீராக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆக, சொல் நிற்கும் அந்த 16.7 மில்லிநொடியில் கண் 16 பிக்சல் தூரம் போய்விடுகிறது. நின்ற பிம்பத்தின் மேல் விழித்திரை நகர்ந்ததால், அந்தச் சொல் விழித்திரையில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடுகிறது. ஈரமான மையை விரலால் இழுத்ததுபோல. சாதாரண எழுத்தின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்னும்போது எப்படிப் படிப்பது?

இதை நீங்களே சோதிக்கலாம். திரையில் ஓரிடத்தில் விரலை வைத்து, பார்வையை விரல்நுனியிலேயே நிறுத்திக்கொண்டு, எழுத்துகளைக் கடந்துபோக விடுங்கள். இழுபட்ட தன்மை போய், தனித்தனிப் பிரதிகள் தாவிச் செல்வது தெரியும். கண் நின்றது, இழுவையும் நின்றது.

இன்னும் உறுதியான சான்று, பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை. அதன் பிக்சல்கள் ஒரு மில்லிநொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் நிறம் மாறிவிடும். ஆனாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் அதே 16 பிக்சல் இழுவை. மாறாக, பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களில் இந்தக் கலங்கல் மிகக் குறைவு. அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிடும். கண் நகரும் நேரத்தில் இழுபடுவதற்குப் படமே இருக்காது.

நம் வாசகரின் 75 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது ஒவ்வொரு முழுப் படமும், 13.3 மில்லிநொடி நிற்கிறது. பெட்டியில் போட்ட 1 மில்லிநொடி உண்மையே என்றாலும் இழுவை 13 பிக்சல். 144 ஹெர்ட்ஸில் அது 7 ஆகும், 240இல் 4. “மனிதக் கண்ணுக்கு நொடிக்கு 24 படங்களுக்கு மேல் தெரியாது” என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். 24 என்பது பேசும்படக் காலத்தில் திரைப்படத் துறை வகுத்துக்கொண்ட வேகம். அது கண்ணின் எல்லை அல்ல.

அதனால் மானிட்டர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது ஹெர்ட்ஸைத்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே பின்னொளியை அணைத்து எரியவைக்கும் வசதி சில திரைகளில் உண்டு. பிக்சர் டியூப்பின் குணத்தை அது திருப்பிக் கொண்டுவரும். வெளிச்சம் குறையும், சிலருக்கு மினுமினுப்பு தலைவலி தரும். கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 70, 80 ஃப்ரேம்தான் தரும் என்றால் 240 ஹெர்ட்ஸால் கேமுக்குப் பெரிய லாபமில்லை. ஃப்ரேம் தயாரானதும் காட்டும்படி திரையே காத்திருக்கும் அடாப்டிவ் சிங்க் கட்டாயம் இருக்கட்டும். காட்சி குறுக்கே கிழிந்து தெரிவதை அது நிறுத்திவிடும். எல்லா வேலைக்கும் ஒரே திரை என்றால் எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகை. விஏ வகையில் கறுப்பு நன்றாக ஆழமாக இருக்கும், ஆனால் இருண்ட நிறங்களுக்கு இடையே மாறும்போது பல விஏ திரைகள் தடுமாறும்.

அன்றாடப் படிப்புக்கும் எழுத்துக்கும் பிக்சலின் அளவு முக்கியம். 27 அங்குலத் திரையில் 1920×1080 வேண்டாம், எழுத்தின் விளிம்பு சொரசொரக்கும். 2560×1440 போதும். 4கே (3840×2160) என்றால் பிக்சல் 0.16 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 60 சென்டிமீட்டர் தொலைவில் சராசரிக் கண் பிரித்தறிவது 0.17 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று பயந்து தனிக் கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். இந்தப் பயத்தை விற்றுப் பணமாக்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, கணினி அமைப்பில் 60 என்றே விட்டுவைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தியவர்களை எனக்குத் தெரியும். இணைத்தவுடன் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளும் வேகத்தைக் கட்டிப்போடலாம்.

கேள்வி கேட்ட நண்பர் கட்டுரை படிப்பதற்காகப் புதிய மானிட்டர் வாங்க வேண்டாம். உருட்டுவதற்குப் பதில் பேஜ் டவுன் விசையைத் தட்டிப் படியுங்கள். பக்கம் சட்டென மாறி நின்றுவிடும். பின்தொடர எதுவும் இல்லாததால் கண்ணும் நிற்கும், எழுத்தும் நிற்கும்.