மலைமேல் எப்படி நிற்கிறது இத்தனை தண்ணீர்?

மேட்டில் விழுந்த மழை பள்ளத்துக்கு ஓடிவிடும். ஆனால் அயர்லாந்தின் மேயோ பகுதியில், சாலைகளை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும் 721 மீட்டர் உயர ஸ்லீவ் கார் மலையில் ஏறிப் பாருங்கள். சரிவிலும் பூட்ஸ் சொதசொதவென்று புதையும். மழை அதிகம் என்பது பாதிக் காரணம்தான். அட்லாண்டிக் காற்று அங்கே ஆண்டில் 250 நாளுக்கு மேல் மழை கொண்டுவருகிறது. அதைப் பிடித்து வைப்பது ஸ்பாக்னம் என்ற பாசி.

எனக்கு அதிசயமாகப் படுவது இந்தப் பாசியின் இலைதான். அதில் உயிருள்ள பச்சைச் செல்கள் மெல்லிய கோடுகளாக ஓட, நடுவே பெரிய செத்த செல்கள் வெறும் கூடாக நிற்கின்றன. கூட்டில் துளைகள் உண்டு. அவை வழியே நீர் புகுந்து நிரம்பும். தன் உலர் எடையைப் போல 20 மடங்கு நீரைக்கூட இந்தப் பாசி பிடித்துக்கொள்ளும். மழைநீரில் உள்ள கால்சியம் போன்ற தாதுக்களை உறிஞ்சிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீர் ஏறக்குறைய தயிரளவு புளித்துப்போகிறது. புளிப்பு ஒருபுறம், நீருக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை மறுபுறம். நுண்ணுயிர்களால் சரியாக வேலை செய்ய முடிவதில்லை. செத்த பாசி மட்காமல் அடுக்கடுக்காகத் தேங்குகிறது. அதுதான் பீட்.

சரி, சரிவில் ஏன் வடிவதில்லை? மேலே உள்ள சில அங்குலப் பாசி தளர்வானது, அதில் நீர் ஓடும். அதற்குக் கீழே அழுந்திக் கிடக்கும் கரிய பீட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான், ஆனாலும் அது நகர்வதே இல்லை எனலாம். நாம் அங்கே நடப்பது செத்த பாசி கட்டிப்பிடித்திருக்கும் தண்ணீரின் மேல். எப்போதாவது அந்தப் பிடி விட்டுப்போகும். 2003 செப்டம்பரில் மேயோவின் பொல்லாதோமிஷ் ஊரில் கொட்டிய பெருமழையில் மலைச்சரிவுகள் பீட்டோடு சேர்ந்து சரிந்தன.

நடப்பவர்கள் நிறத்தைப் பார்த்துக் கால் வைப்பார்கள். பளிச்சென்ற பச்சை என்றால் அடியில் குளம். வெள்ளைப் பஞ்சு போலத் தலையாட்டும் கோரை நிற்பதும் ஈரத்தில்தான். ஹெதர் புதருக்கு வேரில் காற்று வேண்டும், ஆகவே அது இருக்கும் இடம் கொஞ்சம் கெட்டி. அப்புறம், சந்தேகம் வந்தால் கைத்தடியால் குத்திப் பார்ப்பதே நல்லது.

இதே குத்திப் பார்க்கும் வேலை அங்கே பெரிய விஷயம் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. 1930களில் வடக்கு மேயோவில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர், அடுப்பெரிக்க பீட் வெட்டும் இடங்களில் அடியிலிருந்து கல்வரிசைகள் வெளிப்படுவதைக் கவனித்தார். பீட் ஆண்டுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அப்படியானால், அதற்கும் அடியில் இருக்கும் கல் எவ்வளவு பழையது! பின்னாளில் தொல்லியலாளரான அவர் மகன் சீமஸ், இரும்புக் கம்பியை பீட்டுக்குள் இறக்கி அந்தச் சுவர்களைத் தேடினார். கம்பி மெத்தென்று இறங்கும், சுவர் உள்ள இடத்தில் மட்டும் சட்டென்று தட்டி நிற்கும். தட்டிய இடங்களைக் குறித்துக்கொண்டே போனதில், கற்கால உழவர்களின் வயல்வரப்புகள், பெரும்பகுதியைத் தோண்டாமலே, வரைபடத்தில் எழுந்தன.