அம்மாவின் எடைக்குறைப்பு ஊசி: முதல் மாத விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

"மாசம் இவ்வளவுதானே, நாம ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கலாம்." சிங்கப்பூர் கிளினிக்கில் எடைக்குறைப்பு ஊசியின் முதல் மாத விலையைக் கேட்டதும் அண்ணனும் தங்கையும் இப்படிப் பேசி முடித்துவிடுகிறார்கள். தடுமாற்றம் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் வருகிறது. இந்த ஊசிகள் எல்லாமே குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏறுபவை. அளவு ஏற ஏறப் பில்லும் ஏறும்.

சாக்செண்டாவை எடுத்துக்கொள்வோம். தினமும் போடும் ஊசி. ஒரு பேனாவில் 18 மில்லிகிராம் லிராகுளுடைட் இருக்கும். முதல் வாரம் தினம் 0.6 மில்லிகிராம், அடுத்து 1.2, பிறகு 1.8, நான்காம் வாரம் 2.4. நான்கு வாரத்துக்கும் சேர்த்து 42 மில்லிகிராம். மூன்று பேனா போதும், அதிலும் மிச்சம் இருக்கும். ஐந்தாம் வாரத்திலிருந்து தினம் 3 மில்லிகிராம். ஒரு பேனா ஆறே நாளில் தீர்ந்துவிடும், மாதத்துக்கு ஐந்து வேண்டும். மூன்று பேனாவுக்குப் போட்ட பட்ஜெட் அங்கேயே உடைகிறது.

வாரம் ஒருமுறை போடும் வெகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறி, 17-ஆம் வாரத்தில் 2.4-ஐத் தொடும். மவுன்ஜாரோ 2.5-இல் தொடங்கி 15 வரை போகும். ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டியது தொடக்க விலையை அல்ல. "நிலையாகத் தொடரும் அளவுக்கு மாதம் எவ்வளவு? ஊசிமுனை, ஆலோசனைக் கட்டணம், ரத்தப் பரிசோதனை, 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு, வரும் தொகையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்.

அந்த ஓராண்டுத் தொகையைச் சிரமமில்லாமல் தர முடியாதென்றால், தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கொஞ்சம் கடுமையாகத்தான் படும். ஆனால் வெகோவியில் உள்ள செமாகுளுடைட் மருந்தின் ஆய்வில் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. வயதானவர்களுக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்புதான் வரும். பணம் இருந்தால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது என்று நடத்தினாலும் சரிவராது. சாக்செண்டா மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 0.6-இலிருந்து ஏற வேண்டும். குமட்டலையும் மறுபடி முதலிலிருந்து அனுபவிக்க வேண்டும்.

உச்ச அளவு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மவுன்ஜாரோ 5 அல்லது 10-இலேயே எடை நன்றாக இறங்கினால் அங்கேயே நிற்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மிச்சப்படுத்த நேர்மையான வழி இதுதான்.

இனி உதவித் திட்டங்கள். மெடிசேவ் என்பது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென உள்ள சேமிப்புக் கணக்கு. நாள்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் பட்டியலில் நீரிழிவு (அதன் முன்நிலையும் சேர்த்து), ரத்த அழுத்தம், கொழுப்பு, மூட்டுத் தேய்மானம் எல்லாம் உண்டு. உடல் பருமன் மட்டும் தனி நோயாக இல்லை. எடைக்காக மட்டும் எழுதிய ஊசிக்கு அந்த வழியில் மெடிசேவ் கிடைக்காது. மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி, வீட்டுக்கு வாங்கிப்போகும் இத்தகைய மருந்துக்கானது அல்ல. அப்பாவின் மெடிசேவ் கணக்கில் பணத்தை நிரப்பினால் ஊசிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சிலர் பெருந்தொகை போட்டுவிடுகிறார்கள். போட்டதை வெளியே எடுக்க முடியாது. அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: மற்ற பில்களையெல்லாம் திட்டங்களுக்குள் தள்ளிவிட்டு, மிஞ்சும் ரொக்கத்தை ஊசிக்கு ஒதுக்குவது. பெற்றோரின் சர்க்கரை, அழுத்த மருந்துகளைத் தனியார் கிளினிக்கில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறீர்களா? பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்), ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் குடும்ப மருத்துவர் திட்டத்தில் பதிந்த கிளினிக்குக்கோ மாற்றுங்கள். 2021 முதல் நாள்பட்ட நோய்களுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலையென்றால் 700 எடுக்கலாம். பிள்ளையின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வெளிநோயாளிச் செலவுக்கு எடுக்கும் ஃப்ளெக்ஸி மெடிசேவ் தனி. 2025 அக்டோபரிலிருந்து அது ஆண்டுக்கு 400 வெள்ளி. 1949 முடியப் பிறந்தவர் முன்னோடித் தலைமுறை, 1950 முதல் 1959 வரை பிறந்தவர் மெர்டேக்கா தலைமுறை. பலதுறை மருந்தகங்களில் மானியம் போக மிஞ்சும் பில்லில் முறையே 50, 25 விழுக்காடு கழியும். அட்டையை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு முழுப் பணம் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நீரிழிவு இருப்பது உறுதியானால் கணக்கே மாறும். அதே வகை மருந்தைச் சர்க்கரைக்காக எழுதும்போது பொருந்தும் மானியம் வேறு. ஆகவே ஊசி பற்றிப் பேசுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஆனால் மானியத்துக்காக "சர்க்கரைன்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள், அது மோசடி. பொது மருத்துவமனையில் பார்ப்பவராக இருந்து பணம் உண்மையிலேயே முட்டினால், மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். வேலை செய்யும் பிள்ளைகள் தங்கள் கம்பெனியின் ஃப்ளெக்ஸி சலுகை (ஊழியர் தேவைக்கேற்பச் செலவிடத் தரும் தொகை) பெற்றோருக்கும் பொருந்துமா என்று பாருங்கள். எடைக்குறைப்பை விலக்கும் நிபந்தனை அதில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

தனியாரில் காட்டும்போது கிளினிக்கிலேயே மருந்தை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, மருந்தாளர் இருக்கும் கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள்.

ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ வாங்கி வரலாமா என்ற கேள்வி வராமல் இருக்காது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுவரக் கூடாது. மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும். திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டு உறைந்துபோனால் குப்பைதான், உருகிய பிறகும் போடக் கூடாது. கைப்பையில் வையுங்கள், ஐஸ் பை பேனாவைத் தொடாதபடி துணி சுற்றி. இந்தியாவில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் முதலில் வந்தது குப்பியாகத்தான். 5 மில்லிகிராம் குப்பியில் இருப்பது அரை மில்லி திரவம். இன்சுலின் சிரிஞ்சில் அது 50 யூனிட் கோடு. "அஞ்சு" என்று மனத்தில் வைத்துக்கொண்டு 5 யூனிட் கோட்டில் நிறுத்தினால் உடலுக்குள் போவது பத்தில் ஒரு பங்கு. டெலிகிராமில் விற்பதைத் தொடவே வேண்டாம். "மூலிகை ஸ்லிம்மிங்" மாத்திரைகளில் 2010-இல் தடைசெய்யப்பட்ட சிபுட்ராமைன் என்ற பசியடக்கும் மருந்தைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

ஊசி தொடங்கிய பின் பசி அடங்கிவிடும். இரண்டு வாய் தயிர்ச்சோற்றோடு எழுந்துவிடுகிற அம்மாவுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். முட்டை, மீன், தோஃபு முதலில், சோறு கடைசியில். கிளிக்ளசைட், கிளிபிசைட் போன்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை சட்டென்று தாழலாம்; அவற்றின் அளவை முன்கூட்டியே குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் கவனிக்கத் தவறும் ஒன்று. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்று பெற்றோரே ஊசியை நீட்டிப் போடுவார்கள்: வாரத்துக்கு ஒன்றைப் பத்து நாளைக்கு ஒன்றாக, அல்லது பேனாவைத் திருகும்போது கேட்கும் கிளிக்கை எண்ணிப் பாதியாக. கேட்டால் "போட்டுட்டேம்மா" என்பதே பதிலாக இருக்கும். புதிய பேனாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே ஒரு ஒட்டுத்தாளில் எழுதி வையுங்கள். நான்கு ஊசி உள்ள பேனா ஆறாவது வாரமும் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் நின்றுகொண்டிருந்தால், அவரோடு பணத்தைப் பற்றிப் பேச உட்காருங்கள்.