இடுப்பு திரும்பாவிட்டால் முதுகு திரும்பும்: கோல்ஃப் ஸ்விங் உடலை எப்படிப் பதம்பார்க்கிறது?

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு கோழி முட்டை அதைவிடக் கனம். இந்தச் சின்னப் பொருளை 200 மீட்டருக்கு அப்பால் பறக்கவிட, கிளப் என்னும் மட்டையின் தலை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோத வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுபவர்களின் டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) 180 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. உச்சியில் நின்ற கிளப் கீழே இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஆகும் நேரம் கால் விநாடியும் கொஞ்சமும். பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பதோ அரை மில்லிவிநாடிதான்.

நின்ற இடத்தை விட்டு நகராத ஒரு மனித உடல், கால் விநாடிக்குள் அவ்வளவு வேகத்தை உண்டாக்கி, அடுத்த அரை விநாடிக்குள் அதை நிறுத்தவும் வேண்டும். காயங்கள் இந்த இரண்டு வேலையிலும் பிறக்கின்றன. ஆனால் ஒரே அடியில் அல்ல. 2003இல் ஜெர்மானிய மருத்துவர்கள் 703 கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் விசாரித்து வெளியிட்ட ஆய்வில், காயங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்தவை. 18 குழிகள் ஆடி முடிக்கப் பந்தை 90 முறை அடிக்கும் ஒருவர் அதில் ஏறக்குறைய பாதியை முழு வீச்சாக அடிக்கிறார். பந்தில்லாமல் வீசிப் பார்ப்பவை தனி. பயிற்சித் திடலில் ஒரு வாளி பந்து அடித்தால் இன்னொரு நூறு.

இனி வருவதெல்லாம் வலது கைக்காரரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

ஸ்விங் என்கிற இந்த வீச்சின் விசை தரையிலிருந்து தொடங்குகிறது. பின்னோக்கி வீசும்போது தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்புகின்றன. இடுப்பெலும்பு 45 பாகை அளவில் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முறுக்கிய கயிற்றின் இறுக்கம் போல வேலை செய்கிறது. இறங்கும்போது முதலில் இடுப்பு இலக்கின் பக்கம் திரும்பும், அதன் பின்னால் மார்பு, பிறகு கை, கடைசியில் கிளப். சாட்டை சொடுக்குவதும் இதே கணக்குத்தான்: அடிப்பகுதி நிற்க நிற்க நுனி விரைகிறது.

இந்த 45 பாகை வித்தியாசம் உடலில் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நமது கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வொன்றின் பின்புறமும் சிறு இணைப்பு மூட்டுகள் செங்குத்தாக, ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்துள்ளன. முன்னே குனியவும் பின்னே நிமிரவும் அவை வழிவிடும். பக்கமாகத் திரும்பினால் எலும்பு எலும்பில் முட்டித் தடுக்கும். ஒரு கணுவுக்கு 2, 3 பாகைக்கு மேல் திருப்பம் கிடையாது. ஐந்தும் சேர்ந்தாலும் பதினைந்தைத் தாண்டுவது அரிது. விலா எலும்புகள் பொருந்திய மேல்முதுகு அப்படியல்ல, அது ஒரு பக்கத்துக்கு 30 பாகைக்கு மேல் திரும்பும். தொடையெலும்பின் தலை பொருந்தும் இடுப்பு மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்றது. உள்நோக்கி மட்டுமே 35, 40 பாகை சுழலும். ஆக, திரும்புவதற்கென்று படைக்கப்பட்டவை மேல்முதுகும் இடுப்பு மூட்டும். நடுவில் இருக்கும் கீழ்முதுகின் வேலை, விசையை மேலே கடத்துவது.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு முதலில் இறுகிப்போகிறவையும் அந்த இரண்டுதான். அவர் சனிக்கிழமை காலை டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் பந்தை அடிக்கும் இடத்தில்) நின்று வீசும்போது கிளப் கேட்கும் திருப்பத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். இடுப்பு கொடுக்காது, மேல்முதுகு கொடுக்காது. மிச்சமிருப்பது கீழ்முதுகு.

அங்கே டிஸ்க்கின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் இந்த வட்டின் நடுவில் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி நார் அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நேராக அழுத்தினால் எல்லா அடுக்கும் சேர்ந்து தாங்கும். ஒரு பக்கமாக முறுக்கினால் பாதி நார்கள் இறுகும், மறுபாதி தளரும். பாதிப் பலத்தோடு நிற்கும் அந்த வேளையில் பெரும் அழுத்தமும் வந்து சேர்ந்தால்? ஸ்விங் செய்வது அதைத்தான். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஸ்விங்கின்போது கீழ்முதுகில் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் 8 மடங்கு வரை போகிறது என்று கணக்கிட்டது. 70 கிலோ மனிதருக்கு 560 கிலோ. ஓடும்போது விழுவது இதில் பாதிகூட இல்லை. அதே ஆய்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தொழில்முறை ஆட்டக்காரர்களைவிட மற்றவர்களின் முதுகில்தான் முறுக்கும், முள்ளெலும்பை நழுவச் செய்யும் விசையும் கூடுதலாக இருந்தன. பந்து போகும் தூரம் குறைவு, முதுகு கொடுக்கும் விலை அதிகம்.

பந்தைத் தொடும் நேரத்தில் முதுகு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே வலப்பக்கம் சாய்கிறது. அதனால் வலப்புற இணைப்பு மூட்டுகள் நெரிபடுகின்றன. நெடுங்காலம் ஆடியவர்களுக்குத் தேய்மானமும் வலியும் வலப்பக்கம் தூக்கலாக இருப்பதன் காரணம் இது. அடித்து முடித்த பிறகு முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து நிற்கும் பழைய பாணி இந்த நெரிசலை இன்னும் கூட்டும். மார்பு இலக்கைப் பார்க்க, உடல் இடது காலின் மேல் நேராக நிமிர்ந்து முடிவதே முதுகுக்கு நல்லது.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் அமெரிக்க ஆட்டக்காரர் டைகர் உட்ஸ். 2014இல் தொடங்கி அவருடைய கீழ்முதுகில் டிஸ்க் துண்டை அகற்றும் நுண் அறுவை மூன்று முறை நடந்தது. 2017 ஏப்ரலில் நான்காவது: வயிற்றுப்பக்கமாக உள்ளே சென்று கடைசி டிஸ்க்கை எடுத்துவிட்டு, கீழ்முதுகின் ஐந்தாம் முள்ளெலும்பைக் கீழே உள்ள திரிக எலும்போடு ஒன்றாக இணைத்தார்கள். இரண்டே ஆண்டில், 2019 ஏப்ரலில், 43 வயதில் கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். முதுகின் ஒரு கணுவையே அசையாமல் பூட்டிய பிறகும் அவரால் அப்படி வீச முடிந்தது. அந்தக் கணுவிலிருந்து கிடைத்துவந்த திருப்பம் அவ்வளவு சொற்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பூட்டிய கணுவுக்கு மேலே இருப்பது கூடுதல் சுமையை ஏற்கும். அதனால் இந்த அறுவையை எளிய வழி என்று யாரும் எண்ண வேண்டாம்.

உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாதம் தரையில் படாத உயரத்தில், மேசை விளிம்பில் முழங்கால் மடங்க உட்காருங்கள். தொடையை நகர்த்தாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் உயர்த்துங்கள். அதுதான் இடுப்பு மூட்டின் உள்சுழற்சி. இடது கால் 30 பாகைக்குக் கீழேயே நின்றாலோ, வலதைவிடத் தெளிவாகக் குறைந்தாலோ, பந்தை அடித்த பின் உங்கள் உடல் சுழல வேண்டிய அச்சே இறுகியிருக்கிறது என்று பொருள். கீழ்முதுகு வலிக்கும் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி தென்படும் குறை இது.

மூட்டு நெகிழும்வரை ஸ்விங்கைத்தான் மாற்ற வேண்டும். பந்தின் முன் நிற்கும்போது இடது பாதத்தை 20 முதல் 30 பாகை வெளியே திருப்பி வையுங்கள். அவ்வளவு திருப்பம் இனாமாகக் கிடைத்துவிடும். பின்வீச்சில் இடது குதிகால் தரையை விட்டு எழுந்தால் எழட்டும், இடுப்பும் கூடவே போகட்டும். இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தோளை மட்டும் திருப்பும் இன்றைய பாணி, தினமும் உடற்பயிற்சியாளரோடு இருப்பவர்களுக்கானது. ஐம்பது வயதுக்காரர் அதைப் பார்த்துப் பழகுவது வீண் வம்பு. முக்கால் வீச்சோடு நிறுத்தினால் தூரத்தில் இழப்பது சில மீட்டர்கள்தான்.

வெளியே திருப்பிய பாதம் முழங்காலையும் காக்கிறது. ஷூவின் முளைகள் பாதத்தைத் தரையில் பிடித்துக்கொள்ள, அதன் மேல் முழு உடலும் சுழல்கிறது. செயற்கை முழங்காலுக்குள் உணரி வைத்து அளந்தபோது, இலக்கின் பக்கம் இருக்கும் காலில் உடல் எடையைப்போல் 4 மடங்குக்கும் மேல் விசை விழுந்தது. 2008 யு.எஸ். ஓப்பன் போட்டியை உட்ஸ் ஆடியபோது அவருடைய இடது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது, கீழ்க்கால் எலும்பில் இரண்டு கீறல் முறிவுகள் இருந்தன. 91 குழிகள் ஆடி வென்றார். அதைத் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கைக்கு வரும் கேடு வேறு வகை. கிளப் பந்துக்கு முன்னால் தரையில் இடித்தாலோ, கண்ணுக்குத் தெரியாத வேரிலோ கல்லிலோ பட்டாலோ, அந்த வேகம் முழுதும் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறுகிறது. முழங்கையின் உட்புற வலியைத்தான் ‘கோல்ஃபர் முழங்கை’ என்பார்கள்; பெரும்பாலும் வலது கையில் வரும். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு அதைவிட அதிகம் வருவது இடது முழங்கையின் வெளிப்புற வலி. இரண்டிலும் தசைநாண் நாளாக நாளாக நைந்துபோகிறது. சிமென்ட் தரைமேல் மெல்லிய விரிப்புப் போட்ட பயிற்சித் திடல்கள் இதற்குப் பெரிய காரணம். புல்லும் மண்ணும் கிளப்புக்கு வழிவிடும், சிமென்ட் விடாது. தேய்ந்து வழுக்கும் பிடியைப் புதுப்பித்தால், இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் தானே தளரும். வெளிப்புற வலிக்கு, முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் அதைத் தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் 4 விநாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். 15 முறை வீதம் 3 சுற்று, வாரம் நான்கைந்து நாள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

மருத்துவர்களும் தவறவிடும் காயங்கள் இரண்டு. முதலாவது, சுண்டுவிரல் பக்க உள்ளங்கையின் அடியில் உள்ள ஹாமேட் எலும்பு. அதிலிருந்து ஒரு சிறு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கிளப்பின் அடிமுனை இடது உள்ளங்கைக்குள்ளேயே முடியும்படி பிடித்தால், தரையில் இடிக்கும்போது அந்த முனை கொக்கியை முறித்துவிடும். வழக்கமான எக்ஸ்-ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. பிடி தளர்ந்து, உள்ளங்கையின் அந்த இடத்தை அழுத்தினால் வலித்தால், சிடி ஸ்கேன் கேளுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் முறிந்த முனை உரசி உரசிச் சுண்டுவிரலின் தசைநாண் அறுந்துபோகலாம். கிளப்பின் முனை உள்ளங்கைக்கு வெளியே ஓரிரு சென்டிமீட்டர் நீட்டியிருக்கப் பிடிப்பதே தடுப்பு.

இரண்டாவது, இடப்பக்க விலா எலும்பில் விழும் கீறல் முறிவு. புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் தினமும் நூற்றுக்கணக்கில் பந்தடிப்பவர்களுக்கு வரும். தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசை, விலாவை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் 4, 5, 6ஆம் விலாக்கள் விரிசல் காண்கின்றன. தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆடுவார்கள். இருமினாலும் ஆழ மூச்சிழுத்தாலும் குத்துகிறதா என்று பாருங்கள். ஆமெனில் ஒன்றரை, இரண்டு மாதம் கிளப்பைத் தொடக் கூடாது.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. கால் நோயோடு ஆடிய அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் கேசி மார்ட்டின், போட்டிகளில் வண்டியில் செல்ல அனுமதி கேட்ட வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், 2001இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு சுற்று நடைக்கு ஐந்து மணி நேரத்தில் 500 கலோரிதான் செலவாகிறது என்று அங்கே உடலியல் சாட்சியம் வந்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவரை நடை சோர்வடையச் செய்வதில்லை, அது இதயத்துக்கு நன்மையே. கெடுதல் தோளில் தொங்கும் பையால். 14 கிளப்போடு 10 கிலோவுக்கு மேல் போகும் பையை ஒரே தோளில் மாட்டி நடந்தால், முதுகு மணிக்கணக்கில் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அதற்கு நடுநடுவேதான் ஸ்விங்கும். இரட்டைப் பட்டைப் பை பரவாயில்லை, தள்ளுவண்டி இன்னும் மேல்.

காலை ஆறு மணிக்கே டீயில் நிற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க் வளைந்து கொடுக்காது, குனியும்போது அதன் நார்கள் கூடுதலாக இழுபடும். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகே முதல் பந்தை அடியுங்கள்.

அதற்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுவது கட்டாயம். மூன்று நிமிடம் வேக நடை. எதையாவது பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10, பக்கவாட்டில் 10 முறை வீசுங்கள். கிளப்பைத் தோளின் குறுக்கே பிடித்து, இடுப்பும் சேர்ந்து திரும்பும்படி பக்கத்துக்குப் பத்து. பிறகு குறுந்தூரக் கிளப்பான வெட்ஜில் அரை வீச்சு, நடுத்தர தூரக் கிளப்பான ஏழாம் ஐயனில் முக்கால், கடைசியாகத்தான் டிரைவர், அதுவும் நான்கைந்து. நின்ற நிலையில் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் செய்தால் கிளப் வேகம் குறையும்.

முதுகுப் பிடிப்பு வந்து குணமாகித் திரும்புபவர்கள், முதல் வாரம் பட் செய்வதோடும் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) சிறு சிப் அடிகளோடும் (பந்தைச் சற்றுத் தூக்கி அருகில் போடுவது) நில்லுங்கள். வலி இல்லாவிட்டால் மட்டும் குட்டை ஐயன், அடுத்த வாரம் நீள ஐயன், டிரைவர் எல்லாவற்றுக்கும் பின். ஒரு நாளைக்கு 30 பந்து போதும், இரண்டு நாள் அடித்தால் ஒரு நாள் ஓய்வு. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதத்தை உயர்த்த முடியாமல் போனாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாய், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே போக வேண்டிய அறிகுறிகள்.