வகைமை: ‘ஜானர்’ என்ற சொல்லும் வெஸ்டர்ன், ஹாரர், சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற மூன்று பெயர்களும்

திரைப்படம் பற்றிப் பேசுவோர் ‘ஜானர்’ என்று சொல்வது பிரெஞ்சுச் சொல். அதன் வேர் இலத்தீனத்துக் ‘கெனுஸ்’. அச்சொல்லுக்குப் பிறப்பு, குலம், இனம் ஆகிய பொருள்கள் உண்டு. உயிரியலில் ‘ஜீனஸ்’ என்று வழங்கி, தமிழில் நாம் பேரினம் என்று குறிப்பதும் இதே சொல்தான். ஆகவே ‘ஜானர்’ என்பதன் அடியில் இருப்பது குருதி உறவு பற்றிய எண்ணம்: ஒரு படம் இன்ன குடும்பத்தில் பிறந்தது என்பதை அச்சொல் சொல்கிறது.

தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் ‘வகைமை’ வேறொரு வேரிலிருந்து வருகிறது. தொகு என்பதிலிருந்து தொகை பிறந்ததுபோல், வகு என்பதிலிருந்து வகை பிறந்தது. வகுத்தல் என்பது பிரித்தல். பிரிப்பதற்கு ஒருவர் வேண்டும், அவர் கைக்கொள்ளும் அடிப்படை ஒன்றும் வேண்டும். ‘வகை’ என்று மட்டும் சொன்னால் அது எதற்கும் பொருந்தும் பொதுச்சொல்லாக நின்றுவிடும். ‘மை’ விகுதி சேர்ந்து வகைமை ஆகும்போது, ஒரு படைப்பை இன்னதென்று இனங்காட்டும் பண்புகளின் தொகுதி என்ற பொருள் கிடைக்கிறது. ‘இலக்கிய வகைமை’ என்று ஆய்வாளர்கள் எழுதிப் பழக்கிய சொல்லைத் திரைப்படத்துக்கும் எடுத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. இரண்டு சொற்களுள் தமிழ்ச் சொல்லே திரைப்பட வரலாற்றுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. படங்கள் குடும்பத்தில் பிறக்கின்றனவோ இல்லையோ, அவை வந்த பிறகு பார்வையாளர்களாலும் விற்பவர்களாலும் வகுக்கப்படுகின்றன என்பது உறுதி.

இதற்குச் சான்றாக எட்வின் எஸ். போர்ட்டர் 1903 ஆம் ஆண்டில் எடுத்த ‘தி கிரேட் ட்ரெய்ன் ராபரி’ என்ற படத்தைச் சொல்லலாம். ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் இப்படத்தை இன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் கதைகளைச் சொல்லும் வெஸ்டர்ன் வகைமையின் மூதாதையாக எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அது வெளிவந்த நாளில் அப்படியொரு திரைப்பட வகைமையே இல்லை. அதைப் பார்த்தவர்கள் ஒரு குற்றப் படத்தையும், துரத்தல் படத்தையும், அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட இரயில் பயணப் படத்தையும் ஒன்றாகப் பார்த்தார்கள். படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டதும் மேற்கில் அன்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜெர்சியில்தான். கொள்ளைக் கூட்டத் தலைவன் பார்வையாளரை நேராக நோக்கித் துப்பாக்கியால் சுடும் புகழ்பெற்ற காட்சியைப் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ திரையிடுபவர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று எடிசன் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியல் கூறியது. வெஸ்டர்ன் என்ற பெயர் அதன்மேல் பிற்காலத்தில்தான் ஏறியது.

வெஸ்டர்ன், ஹாரர், சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து எழுதுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் இம்மூன்று பெயர்களும் ஒரே அடிப்படையில் வகுக்கப்பட்டவை அல்ல. முதலாவது நிலத்தின் பெயர். இரண்டாவது பார்வையாளரின் உடலில் நிகழும் ஒன்றின் பெயர். மூன்றாவது கதையைப் புனையும் முறையின் பெயர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தமிழாக்கியதால்தான் நம்மிடம் வழங்கும் ஈடுகளுள் சில சறுக்குகின்றன.

வெஸ்டர்ன் என்பதை ‘மேற்கத்திய படம்’ என்று எழுதுவது பொருந்தாது. மேற்கத்திய இசை, மேற்கத்திய மருத்துவம் என்று சொல்லும்போது நாம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்த்தே குறிக்கிறோம். அந்த வழக்கின்படி ஹாலிவுட்டில் எடுக்கும் காதல் படமும் மேற்கத்திய படமாகிவிடும். வெஸ்டர்ன் குறிக்கும் மேற்கு மிகக் குறுகியது: அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல், குடியேற்ற எல்லைக்கோடு என்று இனி எதையும் காட்ட இயலாது என மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்த 1890 வரையிலான கால் நூற்றாண்டைச் சுற்றியே பெரும்பாலான கதைகள் நடக்கின்றன. டெக்சாஸிலிருந்து கான்சஸ் இரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றதும், ஜோசப் கிளிடன் 1874 இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி அந்தத் திறந்த வெளியை வேலிகளாகத் துண்டாடியதும், இரயில் பாதை போட்டதும், பூர்வகுடிகளின் நிலம் பறிபோனதும் இந்தக் காலத்தில்தான்.

‘கௌபாய் படம்’ என்ற வழக்கு தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழகியது, பேச்சுக்கு இனியது. ஆயினும் அது போதாது. 1952 இல் வந்த ‘ஹை நூன்’ படத்தின் நாயகன் சட்டம் காக்கும் மார்ஷல், மாடு மேய்ப்பவன் அல்லன். இவ்வகைமையின் நாயகர்களில் ஷெரீஃப்களும், கூலிக்குச் சுடுபவர்களும், சூதாடிகளும், குதிரைவண்டி ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் இணைப்பது தொழில் அன்று, அவர்கள் நிற்கும் நிலம். இங்கே தமிழ் மரபு நமக்குப் பெரிய உதவி செய்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தின் மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள், அங்கே நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள் என்று அடுக்கிய திணைக் கோட்பாட்டை அறிந்த ஒருவருக்கு வெஸ்டர்ன் ஓரளவு முன்பே அறிமுகமானதுதான். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்றும் பெயரிட்ட மொழிக்கு மந்தைத் திருட்டுக் கதைகள் அந்நியமானவை அல்ல. ஆகவே நான் ‘மேற்குநிலப் படம்’ என்று எழுதுகிறேன். ‘நிலம்’ என்ற சொல் இடையில் வந்ததும் திசை மயக்கம் நீங்கி, இந்த வகைமையின் உயிர்நாடி வெளிப்படுகிறது.

நிலம் என்று சொல்லும்போது கதைக்குள் இருக்கும் நிலத்தையே கருதுகிறேன், கேமரா நின்ற நிலத்தை அன்று. ஜான் ஃபோர்டு 1956 இல் எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ டெக்சாஸில் நடப்பதாகத் தொடங்குகிறது. திரையில் நாம் பார்ப்பதோ யூட்டா–அரிசோனா எல்லையிலுள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்கு. செர்ஜியோ லியோனே தம் 1964 ஆம் ஆண்டுப் படத்துக்கு ஸ்பெயினின் அல்மேரியா வறள்நிலத்தை மேற்குநிலமாக்கினார்; அதன் கதை 1961 இல் வந்த குரோசாவாவின் ஜப்பானிய வாள்வீரர் படத்திலிருந்து எடுத்தது. அவரே 1968 இல் எடுத்த ‘ஒன்ஸ் அபான் அ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் தொடக்கத்தில் மூன்று பேர் ஓர் இரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியின்மேல் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவன் நகராமல் அது சேரும்வரை இருந்து பிறகு தொப்பியிலிருந்தே குடிக்கிறான், இன்னொருவன் முகத்தில் ஊரும் ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெயிலும் வெறுமையும் காத்திருப்பும்தான் அங்கே கதை. சுடுவது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. நிலம் எப்படி மனிதரின் நடத்தையை வகுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

ஹாரர் என்ற பெயரின் போக்கே வேறு. இலத்தீனில் ‘ஹொர்ரேரே’ என்ற வினைக்கு மயிர் குத்திட்டு நிற்றல், நடுங்குதல் என்பவை பொருள். அதாவது இது கதையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அன்று; பார்ப்பவரின் தோலில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லும் சொல். யூனிவர்சல் நிறுவனத்தின் ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகிய இரண்டும் 1931 இல் வெளிவந்ததைத் தொடர்ந்தே ‘ஹாரர் படம்’ என்ற தொடர் பரவலாயிற்று. பிரிட்டனின் தணிக்கை வாரியம் 1932 இல் இத்தகைய படங்களுக்கென்று தனிக் குறியீட்டைக் கொண்டுவந்து, 1937 இல் அதைத் தனிச் சான்றிதழாகவே ஆக்கியது.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தமிழில் மெய்ப்பாடு என்கிறோம். மெய்யில் படுவது மெய்ப்பாடு. ஹாரர் என்ற சொல்லின் மூலப்பொருள் அச்சொட்டாக ஒரு மெய்ப்பாடுதான். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் இடங்களை ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையென’ என்று நான்காக அந்நூல் வகுக்கிறது. இந்த நான்கில் பேய் முதலிய வருத்தும் ஆற்றல்களைக் குறிக்கும் அணங்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் ‘பேய்ப்படம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். பேய் வரும் படங்களுக்கு அந்தப் பெயர் சரி. ஆனால் 1975 இல் வந்த ‘ஜாஸ்’ விலங்கினால் அச்சம் தருகிறது. 1978 இல் வந்த ‘ஹாலோவீன்’ வீடு புகும் கொலைஞனால் அச்சம் தருகிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் பேயே கிடையாது.

‘ஜாஸ்’ படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் அதன் சுறா அன்று, மஞ்சள் நிறப் பீப்பாய்கள். படப்பிடிப்பில் இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானதால், ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே காட்ட வேண்டியதாயிற்று. சுறாவின் உடலில் எறியீட்டியால் கோத்த பீப்பாய் நீர்ப்பரப்பில் விரைந்து வருகிறது, படகின் அருகே வந்ததும் சட்டென்று உள்ளே அமிழ்கிறது. மிதக்க வேண்டிய பொருள் மூழ்குகிறது, அவ்வளவுதான். கீழே இருப்பதன் வலிமையை நம் உடல் அளந்துகொள்கிறது. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியிலும் இதே நுட்பம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் குருதிக்குச் சாக்லேட் பாகு போதுமானதாக இருந்தது. கத்தி உடலில் பாய்வதை ஏறத்தாழ நாம் காண்பதே இல்லை. நரம்பிசைக் கருவிகளின் கீச்சொலியும் துண்டு துண்டான காட்சிகளும் சேர்ந்து, காணாததைக் கண்டதாக நம்மை நம்பவைக்கின்றன.

அப்படியானால் சரியான தமிழ் ஈடு எது? ‘திகில் படம்’ என்பதே என் தேர்வு. திகில் என்ற சொல்லுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் நெருங்கிய வடிவங்கள் உண்டு; அது திடீரென்று பற்றும் அச்சத்தைக் குறிக்கிறது, எதனால் என்பதைக் குறிப்பதில்லை. அந்தத் திறந்த தன்மைதான் இங்கே வேண்டியது. ஒரு குறை மட்டும் உண்டு. அச்சத்தோடு அருவருப்பும் கலக்கும்போதுதான் ஹாரர் முழுமை பெறுகிறது. கிரோனென்பர்க் 1986 இல் எடுத்த ‘தி ஃப்ளை’ படத்தில் ஓர் அறிவியலாளரின் நகம் கழன்று விழும்போதும், பல் உதிரும்போதும் நாம் அடைவது வெறும் திகில் அன்று. தொல்காப்பியம் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: இளிவரல். மூப்பும் பிணியும் அது பிறக்கும் இடங்கள் என்றும் சொல்கிறது. உடற்சிதைவுப் படங்களைப் பற்றித் தமிழில் எழுத முனைவோர் இந்தச் சொல்லை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

சயின்ஸ் ஃபிக்‌ஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏனெனில் இதற்குத் தமிழில் அமைந்த ஈடு நல்லது. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் இதழ் தொடங்கியபோது ‘சயின்டிஃபிக்‌ஷன்’ என்று இரு சொற்களை ஒட்டவைத்தார், அது நிலைக்கவில்லை. 1929 இல் அவர் தொடங்கிய அடுத்த இதழின் வழியாகவே ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற இன்றைய வடிவம் பரவியது. ஃபிக்‌ஷன் என்பதன் இலத்தீன் வேருக்குக் களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுத்தல் என்பது ஒரு பொருள். நம் ‘புனைதல்’ மாலை தொடுத்தலையும் அணிசெய்தலையும் கற்பித்தலையும் ஒருங்கே குறிக்கும். இரண்டிலும் கைவேலை இருக்கிறது. ஆகவே ‘அறிவியல் புனைவு’ என்பது வேருக்கு வேர் பொருந்திய ஈடு. ‘அறிபுனை’ என்ற சுருக்கமும் எழுத்தில் நன்றாக வேலை செய்கிறது. ‘விஞ்ஞானப் படம்’ என்ற பழைய வழக்கை மட்டும் விட்டுவிடலாம். அது வகுப்பறையில் காட்டும் பாடப்படத்தையும் குறித்துவிடுகிறது.

பெயரில் அறிவியல் இருப்பதால், படத்திலும் அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். நடவாத ஒன்றை நடந்ததாகக் கொள்வது புனைவு. கொண்ட பிறகு இயற்கையின் விதிகளுக்குக் கட்டுப்படுவது அறிவியல். குப்ரிக் 1968 இல் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் விண்வெளி வீரர் கலத்துக்கு வெளியே மிதக்கும்போது அவர் மூச்சொலி மட்டுமே கேட்கிறது, காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்ற எளிய உண்மையை வைத்தே அந்தத் தனிமையைக் கட்டியிருக்கிறார்கள். 1977 இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்த படம். எனினும் வெற்றிடத்தில் பொறிகள் உறுமும் அப்படத்தை அறிவியல் புனைவு என்பதைவிட விண்வெளிச் சாகசம் என்று சொல்வதே நேர்மை என்று கருதுகிறேன்.

மூன்று பெயர்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை என்பதை ஏற்றுக்கொண்டால், ஒரு படம் எந்த வகைமை என்று எழும் வாதங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 1979 இல் வந்த ‘ஏலியன்’ அறிவியல் புனைவா, திகில் படமா என்று கேட்பவர்கள் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று விலகும் என்று எண்ணுகிறார்கள். புனையும் முறையால் அது அறிவியல் புனைவு. மெய்ப்பாட்டால் அது திகில். வியாழனின் துணைக்கோளான ஐயோவில் நடக்கும் ‘அவுட்லேண்ட்’ என்ற 1981 ஆம் ஆண்டுப் படமோ வேறு வகையான வழக்கு. தனியாக நிற்கும் சட்டக்காவலர், அவரைக் கொல்ல வந்துகொண்டிருக்கும் கூலியாட்கள், உதவ மறுக்கும் ஊரார் என்று ‘ஹை நூன்’ கதையின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. பலர் அதை விண்வெளி வெஸ்டர்ன் என்று அழைக்கிறார்கள். கதை பெயர்ந்து போகலாம், திணை பெயர்ந்து போகாது என்பதால் நான் அதை மேற்குநிலப் படமாகக் கொள்வதில்லை. மேற்குநிலக் கதையைக் கடன்பெற்ற அறிவியல் புனைவு என்றே எழுதுவேன்.

ஒன்றுக்கு மேற்பட்டவை இணையும் இத்தகைய படங்களுக்கு ‘வகைமைக் கலப்பு’ என்றும், ஒரே வகைமையின் மரபுகளுக்குள் நின்று இயங்குபவற்றுக்கு ‘வகைமைப் படம்’ என்றும் எழுதலாம். பேச்சிலும் சுவரொட்டியிலும் ‘படவகை’ போதும்.