நின்றால் தெரியும், படுத்தால் மறையும் வீக்கம்

"டாக்டர், கர்ப்பப்பை இறங்கிடுச்சா?" இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் பெண்கள் ஐந்தாம் மாதத்துக்கு மேல் பயந்துபோய்க் கேட்கும் கேள்வி. சாயங்காலமானால் பிறப்புறுப்பில் கனம், ஏதோ பிதுங்கி நிற்கிற உணர்வு. கணவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பலருக்கு அது கர்ப்பப்பை இறக்கமே இல்லை. வெளி இதழ்களில் சிரைகள் புடைத்திருக்கும். காலில் வரும் வெரிகோஸ் வெயின்தான், இடம் வேறு. கர்ப்பத்தில் ரத்த அளவு கூடுகிறது, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கர்ப்பப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. மேலேற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது.

பரிசோதனை மேசையில் படுத்ததும் சிரைகள் வடிந்துவிடும். "ஒன்னுமில்லையேம்மா" என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள் உண்டு. சில நிமிடம் நிற்க வைத்துப் பார்த்தால் நீலம் பாய்ந்து, மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோலக் கைக்குத் தட்டுப்படும். ஆகவே, "நின்னா வருது, படுத்தா போகுது" என்று நீங்களே சொல்லுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும். பிறப்புறுப்பு வாசலின் கீழ்ப்பக்கம் ஒரு புறம் மட்டும் உருண்டை, படுத்தாலும் அப்படியே இருந்தால் அங்கே ஈரம் சுரக்கும் பார்த்தோலின் சுரப்பியின் கட்டியாக இருக்கலாம். சீழ் பிடித்தால் உட்காரவே முடியாது. கீறி வடிக்கக் கர்ப்பம் தடையல்ல. தொடை இடுக்கு வரை புடைப்பு இருந்தால் குடலிறக்கமா, சிரையா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பிரித்துக் காட்டிவிடும்.

சிரைப் புடைப்புக்கு மருந்தைவிடப் பழக்கம்தான் உதவும்: நெடுநேரம் நிற்காமல் இருப்பது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது. தாங்கிப் பிடிக்கும் பட்டை கிடைக்காவிட்டால் இரண்டு நாப்கினை அடுக்கி, இறுக்கமான உள்ளாடை போட்டாலும் கனம் குறையும். ஊசி போட்டுச் சிரையை அடைக்கும் சிகிச்சை கர்ப்பத்தில் வேண்டாம். இது ஒன்றுக்காக மட்டும் சிசேரியனும் தேவையில்லை. ஆனால் தாய் சேய் நல அட்டையில் எழுதி வையுங்கள். பிரசவத்தில் அந்த இடம் கிழிந்தால் ரத்தம் கொட்டலாம், பிறப்பு வாசலைக் கத்தரித்து விரிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேறொரு வீக்கத்துக்கு மட்டும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இரு இதழ்களும் திடீரென மெத்தென்று ஊதி, கூடவே தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் என்றால் அன்றே பி.பி. பார்த்து, சிறுநீரில் புரதம் சோதிக்க வேண்டும். 20 வாரத்துக்குப் பின் 140/90-ஐத் தொட்டால் அது முன்சூல்வலிப்பாக (ப்ரீ-எக்ளாம்ப்சியா எனும் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறாக) இருக்கலாம். புடைத்த சிரை திடீரெனக் கெட்டியாகிச் சிவந்து வலித்தாலும் அன்றே காட்ட வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதற்குப் பிறகும் அடிவயிற்றுக் கனம் விடாவிட்டால் இடுப்புக்குள் இருக்கும் சிரைகளையும் பார்க்கச் சொல்வேன்.